எல்லோரும் கூடத்தில் உட்காருங்கள்

மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தப் பச்சைத் தொப்பிக்காரி தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாளா, கண் தானாகப் போய்விட்டது. கல் கோயில், ரோஜாச் செடிகள், புல்தரையில் தேநீர் மேசை. இன்னும் சற்று நேரத்தில் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு கால் மட்டும் தெரியப் போகிறது. இந்தக் கதையை நான் பார்த்திருக்கிறேன். கொன்றது யாரென்று சொல்ல மாட்டேன். நீங்கள் நிம்மதியாகப் பாருங்கள்.

நிறுத்திவிட்டீர்களே, எனக்காகவா? சரி, எப்படியும் கோவில்பட்டி தாண்டினால் டவர் கிடைக்காது. மதுரையில் இறங்குகிறீர்களா? நான் கோயம்புத்தூர் வரை. என் பெயர் லிடியா ஞானரத்தினம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் எதிரில் இருப்பவர்கள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நானும் என் தங்கை பாக்கியமும் மத்தியானந்தோறும் இதைத்தான் பார்ப்போம். இங்கிலாந்துக் கொலைகள். பழைய காலத்துக் கார், முட்டிக்குக் கீழே இறங்கிய பாவாடை, கையுறை. தெருவில் கேலி செய்வார்கள். "ரெண்டு பாட்டியும் சாப்பிட்டு முடிச்சதும் கதவச் சாத்திட்டு கொலை பாக்காவ" என்று. பார்க்கத்தான் செய்தோம். அதில் என்ன தப்பு?

உங்களுக்கு அது எதனால் பிடிக்கிறது? சொல்லத் தெரியவில்லையா? எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெளிநாட்டுக் கதையே இல்லை. கோயில் என்றால் எங்களுக்கு சர்ச், அதன் பக்கத்தில் போதகர் வீடு, பாடகர் குழுவில் யார் முன்னால் நிற்பது என்று சண்டை, அறுப்பின் பண்டிகையில் யார் வீட்டுப் பூசணிக்காய் பெரிது, அதை ஏலத்தில் யார் எடுத்தார்கள், பீடத்துக்குப் பூ வைக்கிற உரிமை யாருக்கு. வெள்ளைக்காரத் துரைசானிகள் எங்கள் பாட்டிகளுக்குத் தையலும் கேக்கும் சொல்லிக் கொடுத்தார்கள், பொறாமையையும் அதே சுத்தத்தோடு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம்முடைய சீரியலில் வருகிற வீடுதான் எனக்கு அந்நியம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே யாரும் சும்மா சாவதில்லை. கவனித்திருக்கிறீர்களா? ஊருக்கு வேண்டாத ஒரு கிழவி, யாரோடும் ஒட்டாதவள், அவள் செத்தால்கூட ஒருவர் வருகிறார். கோட்டைக் கழற்றி மாட்டுகிறார். சமையல்காரி முதல் சீமாட்டி வரை எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்கிறார். நேற்று மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அவளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அவள் என்ன சொன்னாள்? எனக்கு இந்த வயதாகிறது. நான் எங்கே இருந்தேன் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாமே என்று எத்தனையோ மாலைகள் இருந்திருக்கின்றன.

கொலை செய்தவன்கூட முழு வாக்கியமாகப் பேசுவான் பாருங்கள். எழுவாய், பயனிலை, காரணம். அதைக் கேட்கவே உட்காரலாம்.

பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். என்னைவிட ஆறு வயது இளையவள். அவள் புருஷன் தாமஸ் ரயில்வேயில் இருந்தார். அவர் இறந்ததும் நான் போய் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வருகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டால் தயங்குவாள், எதற்கும் தயங்குகிறவள். சாமான்களை நானே கட்டினேன். ஒரே மகள் ஷீபா இங்கிலாந்தில் இருக்கிறாள், நர்ஸ். வேறு எங்கே போவாள்? என் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை கூடும் என்று காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். சளி பிடிக்கும் என்று மாலையில் தலைக்குக் குளிப்பதை நிறுத்தினேன். அவள் பள்ளிப் படிப்போடு நின்றவள் ஆனதால் படத்தில் வேகமாகப் பேசும்போது புரியாது. நான் நிறுத்தி நிறுத்தி விளக்குவேன். யார் யாருக்கு மைத்துனன், உயில் என்றால் அந்தக் காலத்தில் எப்படி, எல்லாம்.

கொலைகாரன் யார் என்பதையும் நான்தான் சொல்வேன். பாதிக் கதையில் சொல்லிவிடுவேன். ஒரு தடவையும் தப்பியதில்லை. எப்படி என்று கேட்கிறீர்களா? காலையில் பாக்கியம் கோயிலுக்குப் போவாள், பெண்கள் ஜெபக்கூட்டம், வியாதியஸ்தர் வீடு என்று ஏதாவது இருக்கும். அவள் போனதும் மத்தியானம் பார்க்கப் போகிறதை நான் ஒருமுறை பார்த்து வைத்துவிடுவேன். சிரிக்காதீர்கள். பாடம் படிக்காமல் வகுப்புக்குப் போன ஆசிரியை இல்லை நான். தெரியாமல் உட்கார்ந்து இரண்டு பேரும் முழிப்பதற்கு எதற்கு ஒரு அக்கா?

இப்போது நீங்கள் பார்க்கிறதையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பச்சைத் தொப்பியைத்தான் சந்தேகப்படுவார்கள். பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆர்கன் வாசிக்கிறாரே கண்ணாடி போட்ட மனிதர், முதலிலிருந்தே அவருடைய கையைப் பார்த்திருந்தால்... அடடா. சொல்லிவிட்டேனா? போகட்டும், காரணம் தெரியாதில்லையா, அதற்காகப் பார்க்கலாம்.

பாக்கியம் எதையும் எதிர்த்துப் பேசமாட்டாள். ஆனால் கொலை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சண்டை போடுவாள். "இல்லக்கா, அந்த டாக்டர் முழியே சரியில்ல" என்பாள். "ஏட்டி, முழியப் பாத்தா கண்டுபிடிக்கது? கடிகாரத்தப் பாரு" என்பேன். "ஒனக்கு எல்லாம் தெரியுது" என்று முனகிக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்துவாள். வீட்டு வேலைக்கு வருகிற சந்தனம் கீரைக் கட்டோடு வந்து எங்கள் நடுவில் உட்காருவாள். "வெள்ளக்காரன் வீட்ல எழவு விழுந்தா ஒங்களுக்கென்ன டீச்சர், காலத் தூக்குங்க, கூட்டணும்" என்பாள். அப்படிப் போன வாழ்க்கை அது. அதைவிட நல்ல மத்தியானங்கள் எனக்கு இருந்ததில்லை.

கடைசி மாதத்தில் சில விஷயங்கள் மாறின. அப்போது நான் கவனித்தேன், ஆனால் கோக்கவில்லை. பிறகுதான் கோத்துப் பார்த்தேன்.

ஒன்று, பாக்கியம் கொல்லைப்பக்கம் கறிவேப்பிலை மரத்தடியில் நின்று போன் பேசினாள். வீட்டுக்குள் பேசினால் என்ன? நான் பின்கட்டுக்கு வந்தால் சந்தனம் வாளியைத் தடாலென்று வைப்பாள். உடனே பேச்சு நின்றுவிடும். இரண்டு, கட்டிலுக்கு அடியில் கறுப்புப் பெட்டி. சந்தனம் வராத அன்றைக்குக் கூட்டும்போது இழுத்துப் பார்த்தேன். இஸ்திரி போட்ட பருத்திச் சேலைகள், பெரிய எழுத்து வேதாகமம், புதுச் சோப்பு. சந்தனத்திடம் கேட்டதற்கு "பூச்சி அரிக்குன்னு எடுத்து வச்சாவ" என்றாள். சோப்பையுமா பூச்சி அரிக்கும்? மூன்று, எங்கள் தெரு மருந்துக்கடை டேனியல் பாக்கியத்துக்கு இரண்டு மாதத்துக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுத்திருக்கிறான். எப்போதும் பத்து நாளைக்குத்தான் வாங்குவோம்.

நான்காவதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. கடைசி ஒரு வாரம் பாக்கியம் என்னோடு சண்டையே போடவில்லை. டாக்டர் முழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் சரிக்கா, ஆமாக்கா. படம் ஓடும்போது படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டிவிட்டாள். "எதுக்குட்டி?" என்றேன். "ஒனக்குக் குனிய முடியலல்லா" என்றாள். மருந்து ஏதோ கொடுத்து மந்தமாக்கிவிட்டார்கள் என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது. நல்ல புத்தியில் இருக்கிற பாக்கியம் ஒரு வாரம் முழுக்கவா சண்டை போடாமல் இருப்பாள்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். படம் போட எழுப்பப் போனேன். எழும்பவில்லை.

டாக்டர் வந்தார். கையைப் பிடித்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். ஹார்ட் என்றார். அவ்வளவுதான். ஷீபா வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தாள், அழுதாள், அடக்கம் செய்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "குடுத்து வச்சவ, தூக்கத்துலயே போயிட்டா." ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டாள், கடைசியாக என்ன சொன்னாள், அவள் படுத்திருந்தபோது நீ எங்கே இருந்தாய். நான் பதில்களை வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காபி குடித்தீர்களா டீச்சர் என்று மட்டும் கேட்டார்கள்.

ஷீபா திரும்பிப் போவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். ஐயர் வந்திருந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். டேனியல் வந்திருந்தான், தெருவில் நாலைந்து குடும்பம், சந்தனம் அடுக்களை வாசலில். பாட்டு, வாசிப்பு, ஜெபம் முடிந்தது. கேசரியும் மிக்ஸரும் கொடுத்தாயிற்று. செருப்பைத் தேடுகிற நேரம். நான் எழுந்து போய் முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"யாரும் போக வேண்டாம். எல்லோரும் கூடத்தில் உட்காருங்கள்" என்றேன்.

ஐயர் நான் இறந்தவளைப் பற்றி நாலு வார்த்தை பேசப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். "உக்காருங்க, உக்காருங்க, சிஸ்டர் சாட்சி சொல்லப் போறாங்க" என்றார். எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை ஜெபத்துக்குத் தகுந்தபடி ஆக்கிக்கொண்டார்கள். பின்னால் ஒரு கிழவர் "ஸ்தோத்திரம்" என்றார். வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் நின்றேன். சொன்னால் வெட்கம், அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷம் வகுப்பில் நின்றிருக்கிறேன், ஒருவரும் இப்படி என் வாயைப் பார்த்ததில்லை.

"என் தங்கை பாக்கியம் தானாகச் சாகவில்லை" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றார் கிழவர்.

"டேனியல், நீ எழும்பு. ரெண்டு மாச மாத்திரைய ஒரே தடவையில எதுக்குக் குடுத்த?"

டேனியல் கேசரியை விழுங்க முடியாமல் ஷீபாவைப் பார்த்தான். "அவங்க கேட்டாங்கம்மா."

"எதுக்குக் கேட்டா?"

"அது... ஊருக்குப் போனா கிடைக்குமோ கிடைக்காதோன்னு..."

"எந்த ஊருக்கு?"

அவன் மறுபடியும் ஷீபாவைப் பார்த்தான். நான் அடுக்களைப் பக்கம் திரும்பினேன். "சந்தனம், முன்னால வா. கொல்லையில என் தங்கச்சி போன் பேசும்போது நீ எதுக்குக் காவல் நின்ன? அந்தப் பெட்டிய அடுக்கினது யாரு?"

சந்தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான் சொல்ல மாட்டேன் டீச்சர். அந்தப் புண்ணியவதி எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ. சத்தியமா நான் சொல்ல மாட்டேன்."

"கேட்டீர்களா ஐயா? சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். என் தங்கையை இந்த வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோக யாரோ திட்டம் போட்டிருக்கிறார்கள். அவள் வர மறுத்திருக்கிறாள். மறுத்ததால்தான்..."

"பெரியம்மா, போதும்."

ஷீபா. அவள் எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "யாரும் திட்டம் போடல. அம்மாதான் கேட்டாங்க. கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் இல்லம். நான் பேசி, எல்லாம் முடிச்சு வச்சிருந்தேன். திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் நான்தான் போட்டேன். சனிக்கிழமை போயிட்டாங்க."

நான் ஐயரைப் பார்த்தேன். அவர் பெரிய மனிதர், பொய் சொல்ல மாட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டர், எங்கிட்டயும் சொன்னாங்க. ஒரு மாசமா ஜெபிச்சுக்கிட்டிருந்தோம்."

"என்ன ஜெபம்?"

"உங்ககிட்ட சொல்றதுக்கு அவங்களுக்குத் தைரியம் கிடைக்கணும்னு."

அப்போதுதான் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். எதிர்வீட்டு மெர்சி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் மின்விசிறியைப் பார்த்தான். ஸ்தோத்திரம் சொன்ன கிழவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தில் நடுவில் நிற்கிற ஒருவருக்குத் தெரியும், உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. என் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நடுவில் நின்றவளுக்குத்தான் தெரியவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. "காரணம் சொல்லு" என்றேன். காரணம் இல்லாமல் எதுவும் முடியாதில்லையா? "நான் அவளை அடிச்சேனா? பட்டினி போட்டேனா? என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் சொன்னதில்ல பெரியம்மா. அக்கா நல்லவ, அக்கா மாதிரி யாரும் பாக்க மாட்டான்னுதான் சொல்வாங்க." ஷீபா தட்டைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "ஒரே ஒரு தடவ, நான் ரொம்பக் கேட்டப்ப, ஒண்ணு சொன்னாங்க. 'ஷீபா, இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நான் ஒரு கதையக்கூட முடிவு தெரியாமப் பாத்ததில்ல. சாகறதுக்குள்ள ஒண்ணாவது பாக்கணும்.' அவ்வளவுதான். நீங்க காலையில பாத்து வச்சுக்கறது அம்மாவுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். 'அக்கா சொல்லட்டும், அவளுக்கு வேற என்ன இருக்கு'ன்னு சொல்வாங்க."

நீங்களே சொல்லுங்கள். இது ஒரு காரணமா? எந்தக் கோர்ட்டில் நிற்கும் இது? ஒருத்தி தன் கூடப்பிறந்தவளை விட்டுவிட்டு, இந்த வயதில், தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்களோடு இருக்கப் போகிறாள், எதற்காக என்றால் படத்தின் முடிவை யாரும் முந்திச் சொல்லக் கூடாது என்பதற்காக. இப்படி ஒரு கதை எழுதினால் முதல் பக்கத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

யாரோ தாழ்ப்பாளைத் திறந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஐயர் என் தலையில் கை வைத்து ஏதோ ஜெபித்தார், காதில் விழவில்லை. தட்டுகளை எடுத்தது ஷீபாதான். சந்தனம் அன்றைக்குப் பின்வாசல் வழியாகப் போனவள், பிறகு வரவில்லை. ஆள் அனுப்பினேன். "கொலகாரிங்க வேல செய்யுத வீட்ல டீச்சர் எப்டி நிம்மதியா சோறு திம்பாவ" என்று கேட்டாளாம். டேனியல் மருந்தைப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஷீபா போவதற்கு முன்னால் நான் அவளிடம் ஒன்று கேட்டேன். அவள் இருக்கிற ஊரில் கல் கோயிலுக்குப் பக்கத்தில் அப்படியெல்லாம் ரோஜாத் தோட்டம் இருக்குமா என்று. வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "நான் ஒரு கடைக்கு மேல குடியிருக்கேன் பெரியம்மா. கீழ நாள் முழுக்க மீன் பொரிக்கிறான். எங்க ரோஜா?" என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. பலர் ஒரே விஷயத்தை ஒரே மாதிரிச் சொன்னால் அதில் சந்தேகப்பட இடமிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். படத்தில் அப்படித்தானே வரும்? ஊரே சேர்ந்து ஒரு கதை ஜோடித்திருக்கும்.

இப்படிச் சிரிப்பாகப் பார்க்காதீர்கள். எனக்கு ஒரு கொலைகாரன் கிடைத்திருந்தால் போதும். டேனியலோ, சந்தனமோ, யாராவது. பாக்கியத்தை ஒருவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்று இருந்திருந்தால், அவளுக்காக அழுதுவிட்டு மீதி நாளைக் கழித்திருப்பேன்.

ஷீபா போன பிறகு ஒருநாள் மத்தியானம் நான் தனியாக உட்கார்ந்து ஒரு புதுக் கதை போட்டேன். காலையில் பார்க்காமல். பாக்கியம் எதற்காக ஆசைப்பட்டாள் என்று பார்த்துவிடலாமே என்று. ஒரு மழை, ஒரு ஏரி, பாலத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் விழப் போகிறாளா, தள்ளப் போகிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. ரிமோட்டைக் கையிலிருந்து கீழே வைக்கவே முடியவில்லை. இதையா ஆசைப்பட்டாள்? என்னால் உட்கார முடியவில்லை. கடைசிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் கதை செத்துவிட்டது. அணைத்துவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு போடவில்லை. இன்றைக்கு உங்கள் போனில்தான் பார்க்கிறேன்.

ஆமாம், கோயம்புத்தூரில் அங்கேதான் போகிறேன். அதே இல்லம். பாக்கியத்துக்குப் பேசி வைத்த அறை காலியாகத்தான் இருக்கிறதாம். ஷீபாவிடம் நான் போகிறேன் என்றேன். தனியாக வீட்டில் இருப்பதைவிட இது நல்லது என்றாள். அவளுக்கு நிம்மதி. எனக்கு அங்கே வேலை இருக்கிறது. பாக்கியத்தோடு போனில் பேசியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டும். அவள் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், என்னைப் பற்றி என்ன.

ஒருத்தியைக் கேட்டும்விட்டேன். போன வாரம் போன் செய்தபோது வார்டன் அம்மாள் எடுத்தாள். பாக்கியத்தின் அக்கா பேசுகிறேன் என்றேன். "பாக்கியம் அம்மாவோட அக்காவாங்க?" என்று இழுத்தாள். "அவங்க எப்பப் பேசினாலும் சிரிப்புத்தானுங்க. ஒரு நாள் பேச ஆரம்பிச்சா விடவே மாட்டாங்க. நாங்க எல்லாருமே எதிர்பாத்துட்டு இருந்தமுங்க." வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். என் வீட்டில் பாக்கியம் அப்படிப் பேசினதே இல்லை. தாமஸ் ரயில்வே, மகள் நர்ஸ், எல்லாம் சரியாக இருந்தது. அவள்தான்.

பிறகு அந்த அம்மாள் சொன்னாள். "ஆனா அக்கா இருக்காங்கன்னு சொல்லவே இல்லீங்களே. வீட்டுக்காரர் போனதிலிருந்து தனியாத்தான் இருக்கேன்னு சொன்னாங்க."

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அக்கா இருக்கிறாள் என்று சொன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பார்கள், அதற்குப் பயந்து அப்படிச் சொல்லியிருப்பாள். நல்ல காரணம். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திருநெல்வேலியில் ரயில் ஏறினேன். சாத்தூர் வரை அது தாங்கியது. அதற்குப் பிறகு, உங்களிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போதுதான், பாக்கியத்துக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது என்பது நினைவுக்கு வந்தது. சொன்னால் காது சிவந்துவிடும், பேச்சுத் திக்கும். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்றால் அது பொய்யாக இருக்காது.

மதுரை வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டம் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். நான் இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.